காற்று படாத பக்கம்

கில்லமோரில் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். அங்கேதானே பெயர் அகராதி இருக்கும்! முதலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது. இல்லையென்றதும் ஒரு பெருமூச்சு. பிறகு பக்கத்து வீட்டுக்காரன் பெயரைத் தேட வேண்டியது. அதுவும் இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிட்டு, தேநீர் எப்போது தருவார்கள் என்று கேட்க வேண்டியது. அதற்கு மேலும் படிக்கிறவர்களை ஊர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

ஆகவே கோல்மன் ரட்டிகன் எழுதிய 'பூசையும் ஓட்டும் முள்மரமும்' என்ற புத்தகம் மாதா கோயில் பங்கு மண்டபத்தில் வெளியானபோது, கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் கடைசிப் பக்கத்தைப் புரட்டியது. அங்கே ஒன்றுமில்லை. கோல்மன் பெயர் அகராதியே போடவில்லை.

"பேரே இல்லாம என்னடி வரலாறு இது?" என்றாள் கான்செப்டா. தபால் ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் கடிதத்தை உறை பிரிக்காமலே படிக்கத் தெரிந்தவள் என்று பெயர்.

"பேரு போட்டா கேஸ் போடுவாங்க," என்றாள் பக்கத்தில் இருந்த டிம்ப்னா.

"அதுக்குத்தானே புஸ்தகமே எழுதறது!"

டிம்ப்னா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பெயர் போடக்கூடாது என்று கோல்மனிடம் சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

நடந்தது இதுதான். எழுபத்திரண்டாம் வருஷம் டிம்ப்னாவுக்கு முதல் குழந்தை பிறந்தது, அழவில்லை. மூச்சே இல்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் இல்லையென்றால் மந்திரித்த கல்லறை மண்ணில் இடம் கிடையாது. அப்போதிருந்த பங்குச் சாமியார் நல்ல மனுஷர். அதைக்கூட மென்மையாகத்தான் சொன்னார். அவள் கணவன் லூக் ஒரு ஷூ பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, மண்வெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, பந்தாட்ட மைதானத்தை ஒட்டிய மூலை வயலுக்குப் போனான். ஊரில் அப்படிப்பட்ட குழந்தைகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் போன இடம் அது. திரும்பி வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "முள்மரத்துக்குப் பக்கத்துல, காத்து படாத பக்கமா வச்சிருக்கேன்." அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் சாகும்வரை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் பேசாமல் இருப்பதற்கு அங்கே நல்ல பழக்கம் என்று பெயர்.

போன குளிர்காலத்தில் அந்த வயலைப் பந்தாட்டக் கிளப்புக்குக் கார் நிறுத்துமிடமாக ஆக்க கவுன்சிலில் தீர்மானம் வரப்போவதாகச் செய்தி கசிந்தது. அப்போதுதான் டிம்ப்னா, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற கோல்மனைக் கூப்பிட்டு, சமையலறை மேசையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் விசுவாசம், பண்பாடு, அரசியல் என்று இந்த நாட்டைப் பற்றி ஏதோ புத்தகம் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

"இதை எழுது. படிச்சா கவுன்சில்காரங்க கை வைக்க மாட்டாங்க. என் பேரு மட்டும் வேண்டாம்," என்றாள்.

கோல்மன் கண் கலங்க சத்தியம் செய்தான். சத்தியத்தை அவன் அளவுக்கு மீறியே காப்பாற்றினான். அவள் பெயரை விட்டான். சாமியார் பெயரை விட்டான். பந்தாட்டத்தை விட்டான். கடைசியில் ஊர் பெயரையும் விட்டுவிட்டு, 'மேற்குப் பக்கம் ஒரு பங்கில், ஒரு வயல்' என்று ஆறாவது அதிகாரத்தை ஆரம்பித்தான்.

புத்தகத்தை வெளியிட வந்தவர் கவுன்சிலர் ஜார்லத் கீவனி. புத்தகம் வெளியிடுவது, சவ அடக்கத்துக்குப் போவது, இரண்டும் கவுன்சிலரின் அன்றாட வேலை. இரண்டிலுமே உள்ளே இருப்பதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்வரிசையில் நின்று முகத்தைத் தொங்கப்போட்டால் போதும். ஆனால் அன்றைக்கு யாரோ அவர் கையில் ஆறாவது அதிகாரத்தைத் திறந்து கொடுத்துவிட்டார்கள். அவரும் மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார். ஷூ பெட்டி வந்த இடத்தில் குரல் உடைந்தது. கைக்குட்டை எடுத்தார். நடிப்பல்ல, உண்மையான கண்ணீர். மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது.

டிம்ப்னா மடியில் கைகளை இறுக்கிக்கொண்டாள். பலித்துவிட்டது என்று நினைத்தாள்.

ஜார்லத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதையெல்லாம் கேக்கும்போது ஒண்ணுதான் தோணுது. நம்ம பங்குல இப்படியெல்லாம் நடக்கலைங்கறதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லணும்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"கேரோபெக்," என்றாள் கான்செப்டா, டிம்ப்னாவின் காதில்.

"என்ன?"

"கேரோபெக்கைப் பத்தித்தான் எழுதியிருக்கான். வேற எந்த ஊரு? ஈவு இரக்கம் இல்லாத ஜாதி. ஆட்டத்துலயே பாக்கறோமே, பந்தை விட்டுட்டு முட்டியை உதைப்பானுங்க."

கேரோபெக் பக்கத்துப் பங்கு. கில்லமோருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாலமும், பல தலைமுறைப் பகையும் உண்டு. அன்று ராத்திரிக்குள் கில்லமோர் முழுக்க அது முடிவாகிவிட்டது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. முடிவெட்டுகிற கடையில், பூசை முடிந்து கோயில் வாசலில், ஆட்டுச் சந்தையில், எங்கே பார்த்தாலும் கேரோபெக்காரர்களின் கல் நெஞ்சைப் பற்றியே பேச்சு. இத்தனைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேரோபெக்காரர்களும் அதே புத்தகத்தைப் படித்துவிட்டு, கில்லமோர்க்காரர்களை நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களாவது சரியான ஊருக்காக அழுதார்கள்.

டிம்ப்னா கோல்மன் வீட்டுக்குப் போனாள். அவன் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தான். டப்ளினில் வானொலிப் பேட்டி.

"ஊர் பேரையாவது சொல்லித் தொலையேன் கோல்மன். அடுத்த வாரம் கவுன்சில் கூட்டம்."

"எப்படி டிம்ப்னா சொல்றது? ஊரைச் சொன்னா வயல் தெரியும், வயல் தெரிஞ்சா ஆள் தெரியும். உங்களுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேனே."

"சத்தியத்தை நானே திருப்பித் தரேன்."

கோல்மன் டையை அவிழ்த்து மறுபடி கட்டினான். "புரிஞ்சுக்குங்க. நான் எழுதினது ஒரு வயலைப் பத்தி இல்ல. இந்த நாட்டோட மனசாட்சியைப் பத்தி."

"நாட்டு மனசாட்சி மேல யாரும் தார் ஊத்தப் போறதில்ல. வயல் மேலதான் ஊத்தப் போறாங்க."

"அருமையான வரி," என்றான் கோல்மன். "இதை நான் ரேடியோவுல சொல்லிக்கலாமா? பேரு போட மாட்டேன்."

புதன்கிழமை நூலகத்தில் வாசகர் வட்டம் கூடியது. வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள். அன்றைக்கு ஜன்னல் திண்டில்கூட ஆள். ஜார்லத்தும் வந்திருந்தார், கூட்டம் கூடும் இடத்தில் இல்லாமல் இருப்பது அவருக்கு உடம்புக்கு ஆகாது. வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இந்தப் புத்தகத்தால் தாங்கள் அடைந்த பயனைச் சொன்னார்கள். ஒருவருக்கு விசுவாசம் ஆழமானது. ஒருவருக்கு விசுவாசம் போயே போய்விட்டது. மனசு லேசாக இருக்கிறதாம். இன்னொருவர் கேரோபெக்கில் பெண் எடுத்தவர். இப்போதுதான் தன் மாமியாரைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றார். அதற்குப் பெரிய கைதட்டல்.

டிம்ப்னா எழுந்தாள். எழுந்தபோது முழங்கால் சொடக்கு விட்டது. அதுவே எல்லாருக்கும் கேட்டது.

"ஆறாவது அதிகாரத்துல வர்ற பொம்பளை நான்தான்," என்றாள். "அந்த வயல் கேரோபெக்ல இல்ல. நம்ம மூலை வயல். எம் புள்ள அங்கதான் இருக்கான். இன்னும் நிறைய பேரு புள்ளைங்க இருக்கு. யாரோடதுன்னு நான் சொல்லல, அவங்கவங்களுக்குத் தெரியும். அதை விட்டுடுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

கான்செப்டா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அவற்றை இப்போதுதான் அங்கே கொண்டுவந்து வைத்த மாதிரி.

பிறகு ஊருக்குத் தெரிந்ததை ஊர் செய்தது. ஒருவர் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். "உன் துக்கத்துக்கு வருந்துறேன், டிம்ப்னா." அடுத்தவர். "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்." வரிசை நூலக வாசல்வரை நீண்டது. இழவு வீட்டில் எப்படியோ அப்படியே. யாரோ ஓடிப்போய் பன்றி இறைச்சி சாண்ட்விச் வாங்கி வந்தார்கள், தேநீர் வந்தது, கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் இரண்டு பேர் மெதுவாக ஜோக்கும் சொல்லிக்கொண்டார்கள். அரை நூற்றாண்டு தாமதம் என்பதைத் தவிர அடக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜார்லத் அவளது இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு, வாய் திறக்காமல் வெகு நேரம் நின்றார். அதைவிடப் பெரிய வாக்குறுதி இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

வயல் என்ற சொல்லை மட்டும் வரிசையில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. அவள் அதை அப்போது கவனிக்கவில்லை.

கவுன்சில் கூட்டம் முடிந்த மறுநாள் ஜார்லத் ஆப்பிள் கேக்கோடு அவள் வீட்டுக்கு வந்தார்.

"விவாதமே இல்லாம முடிச்சிட்டோம் டிம்ப்னா. எல்லாம் உங்களுக்காகத்தான்."

"எதை முடிச்சீங்க?"

"தீர்மானத்தை. உங்க மனசு புண்படக்கூடாதுன்னு வயல்ங்கற பேச்சையே யாரும் எடுக்கல. 'பொருள் நாலு'ன்னு மட்டும்தான் சொன்னோம். முதல்ல எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம் ஓட்டு. ஒருமனதா பாஸ்."

"மௌனம் எதுக்கு?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! உங்க பிள்ளைக்குத்தான்."

டிம்ப்னா கேக்கைப் பார்த்தாள். நன்றாகத்தான் உப்பியிருந்தது.

"நினைவுக் கல்லும் வைக்கறோம்," என்றார் ஜார்லத். "கோல்மன் புஸ்தகத்துலேருந்து ஒரு வரி பொறிச்சு. மைதானத்து டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துலயே. எல்லாரும் வரிசையில நிக்கறப்ப படிப்பாங்க."

அவர் போனபிறகு டிம்ப்னா கேக்கைக் கோழிகளுக்குப் போட்டாள். பிறகு புத்தகத்தை எடுத்தாள். ஆறாவது அதிகாரத்தைத் தவிர வேறெதையும் அவளும் படித்திருக்கவில்லை; அவளும் கில்லமோர்க்காரிதானே. இப்போது முதல் பக்கத்திலிருந்து, பகையாளி எழுதிய உயிலைப் படிக்கிற மாதிரி படித்தாள்.

கோல்மன் மடையன் என்றாலும் எழுதத் தெரிந்தவன். மூன்றாவது அதிகாரம் அரசியல். இந்த நாட்டில் உரிமை என்று கேட்டால் கமிட்டி போடுவார்கள், தயவு என்று கேட்டால் உடனே செய்வார்கள். ஏனென்றால் உரிமைக்கு யாரும் நன்றிக்கடன் படுவதில்லை என்று எழுதியிருந்தான். ஐந்தாவது அதிகாரம் முள்மரம். வயல் நடுவில் தனியாக நிற்கும் முள்மரம் 'நல்ல ஜனங்க'ளுடையது. மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிற அந்த மாய ஜனங்களுக்கு வேறு பெயரும் உண்டு. ஆனால் பாம்பை நல்ல பாம்பு என்று சொல்லிவைக்கிற மாதிரி, அவர்களையும் நல்லவர்கள் என்று சொல்லிவிடுவதுதான் சொல்கிறவருக்கு நல்லது. அவர்கள் மரத்தை வெட்டியவன் உருப்பட்டதில்லை.

டிம்ப்னா அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தாள்.

திங்கள்கிழமை காலை மூலை வயலில் ஜேசிபி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பாட்ஜ். கதவுக்குள் நுழைய உடம்பைத் திருப்ப வேண்டிய அளவுக்கு ஆள். டிம்ப்னா ஃபிளாஸ்க்கில் தேநீர் எடுத்துக்கொண்டு போனாள். அவளைக் கண்டதும் அவன் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினான்.

"கேள்விப்பட்டேன், டிம்ப்னா. உங்க துக்கத்துக்கு வருந்துறேன்."

"நன்றி, பாட்ஜ்."

"என்ன பண்றது, வேலைன்னு வந்துட்டா..."

"அட, உன்னை யாரு குத்தம் சொன்னா? தேத்தண்ணி குடி. ஆமா, அந்த மரத்தையும் நீதான் எடுக்கறியா?"

"எந்த மரம்?"

"அதோ. ஒத்தையில நிக்குதே முள்மரம்."

பாட்ஜ் திரும்பிப் பார்த்தான். கோப்பை உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"கோல்மன் புஸ்தகத்துல அஞ்சாவது அதிகாரம் படிச்சியா?" என்றாள் டிம்ப்னா சாதாரணமாக. "ஒருத்தன் வெட்டினானாம். மறுநாள் எந்திரிச்சா வாய் காதுகிட்ட போயிருக்கு. அவன் பொண்டாட்டி அவன் சாகற வரைக்கும் பக்கவாட்டுலதான் சூப் ஊட்டினாளாம். அதை விடு. நீ சர்க்கரை போட்டுப்பியா?"

"ஏசு மரி சூசை," என்றான் பாட்ஜ். "இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே! நீங்க இதெல்லாம் நம்புறீங்களா?"

"நான் எங்கே நம்பறேன். ஆனா நான் வெட்ட மாட்டேன்."

பாட்ஜ் மேலே ஏறி இன்ஜினை அணைத்தான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். பாம்பென்றால் படை நடுங்கும். ஒற்றை முள்மரம் என்றால் ஜேசிபி நடுங்கும்.

"ஏம்ப்பா," என்றாள் டிம்ப்னா, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே. "இந்த வயல்ல அத்தனை குழந்தைங்க இருக்குன்னு தெரியும். அதுக்கு வராத பயம் இதுக்கு வருதா?"

பாட்ஜ் நல்ல மனசுக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன். "குழந்தைங்க யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்களே," என்றான்.

இரண்டு நாள் வேலை நின்றது. வேறு ஜேசிபிக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சேதி அவர்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. டிம்ப்னாவும் சும்மா இருக்கவில்லை. மரம் மட்டுமில்லை, வயல் முழுக்கவே அந்த ஜனங்களுடைய இடம்தான் என்று பாட்ஜின் காதில் போட்டு வைத்தாள். அவன் தயங்கினான். அன்று சாயங்காலமே ஒரு புத்தகத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஐந்தாவது அதிகாரத்தை எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"இல்ல டிம்ப்னா. மரம்னுதான் போட்டிருக்கு. மரத்தைச் சுத்தி ரெண்டு முழம் விட்டா போதுமாம்."

கில்லமோரில் முதல் முறையாக ஒருவன் ஒரு புத்தகத்தை ஒழுங்காகப் படித்தான். அதற்கும் நேரம் பார்த்துத்தான் படித்தான்.

வரைபடம் திருத்தப்பட்டது. மரத்தைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்து விட்டுவிடுவது. மீதி எல்லாம் தார். நிறைய பேருடைய பிள்ளைகளை அவளால் காப்பாற்ற முடியவில்லை. மரத்தின் காற்று படாத பக்கம் அந்த வட்டத்துக்குள் வருகிறதா, வெளியே போகிறதா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. லூக் ஒரு வார்த்தைதானே சொன்னான்.

சனிக்கிழமை ஜார்லத் மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஜனங்களின் குறை கேட்பார். டிம்ப்னா வரிசையில் நின்று உள்ளே போனாள். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தைத் துக்கத்துக்கு மாற்றத் தொடங்கினார்.

"ஒரு தயவு கேட்டு வந்தேன், ஜார்லத்," என்றாள்.

முகம் பாதியில் நின்று, மலர்ந்தது. "கேளுங்க, கேளுங்க! உங்களுக்கு இல்லாததா!"

"எனக்கு இடுப்பு முடியல. நடக்க முடியாதவங்களுக்குன்னு மஞ்சக் கோடு போட்டு ஒரு இடம் விடுவாங்கல்ல. அதை முள்மரத்துக்குப் பக்கத்துல போடச் சொல்லணும். காத்து படாத பக்கமா."

"அந்தப் பக்கந்தான் வேணுமா?"

"காத்து ஆகாது எனக்கு."

ஆறாவது அதிகாரத்தை மைக்கில் வாசித்து அழுத மனுஷர் அவர். காற்று படாத பக்கம் என்ற சொற்கள் அந்தப் பக்கத்திலேயே இருந்தன. அவர் தன் நோட்டில் 'இடுப்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க," என்றார். "வீட்டுல எத்தனை ஓட்டு?"

தார் காய்வதற்குள் மஞ்சள் கோடு விழுந்தது. முதல் ஆட்டமே கேரோபெக்கோடு. கில்லமோர் தோற்றது, ஆனால் கார் நிறுத்த இடம் தாராளமாக இருந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கோல்மன் புத்தகத்துக்கு டப்ளினில் ஏதோ பரிசு கிடைத்தது. ஒரு புத்தகம் சமூகத்தை மாற்ற முடியும் என்று அங்கே பேசினான்.

டிம்ப்னா தன் பழைய சிவப்புக் காரை அந்த இடத்தில் நிறுத்துவாள். ஆட்டம் பார்க்க இறங்க மாட்டாள். ஆட்டம் இல்லாத நாளிலும் வருவாள். இன்ஜினை அணைத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறப்பாள். கொஞ்ச நாள் அவள் கார் மட்டும் நின்றது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கான்செப்டாவின் கார் வந்து தூரத்து மூலையில், வேலியை ஒட்டி நின்றது. அவள் இறங்கவில்லை, டிம்ப்னாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு கார்கள். பிறகு ஒரு டிராக்டர்; அதில் எண்பதைத் தாண்டிய ஒரு கிழவர், மடியில் தொப்பி. நாளாக ஆக எண்ணிக்கை கூடியது; ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில், தனக்கு மட்டும் தெரிந்த கணக்கில் நிற்கும். யாரும் யாரோடும் பேசுவதில்லை. நல்ல பழக்கம்.

ஒரு நாள் ஜார்லத் அந்த வழியாக வந்தவர் காரை நிறுத்தி, டிம்ப்னாவின் ஜன்னலைத் தட்டினார். கண்ணாடியை இறக்கினாள்.

"பாத்தீங்களா!" என்றார், கையை வீசிக் காட்டி. முகமெல்லாம் பூரிப்பு. "ஆட்டமே இல்ல, செவ்வாக்கிழமை மத்தியானம், பாதி இடம் நிறைஞ்சு கிடக்கு! ஊருக்கு எவ்வளவு தேவையா இருந்திருக்குன்னு இப்பவாவது புரியுதா? இதை ஒரு போட்டோ எடுத்துத் தேர்தல் நோட்டீஸ்ல போடணும்."

"போடு ஜார்லத்," என்றாள் டிம்ப்னா. "பேரு மட்டும் போட்டுடாதே."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அந்தப் பக்கம் காற்று படாதுதான், இருந்தாலும்.